வாரக்கணக்கில் வெளியூர்ப் பயணமா? திறந்தவெளியில் நிற்கும் காருக்கு என்ன ஆகும், புறப்படும் முன் என்ன செய்ய வேண்டும்?

புது டெல்லி: பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கியதும் தலைநகரிலிருந்து சொந்த ஊர்களுக்குப் புறப்படும் குடும்பங்களில் பல, ஐந்து அல்லது ஆறு வாரங்கள் கழித்தே திரும்புகின்றன. அவர்கள் ரயிலிலோ விமானத்திலோ சென்றுவிட, கார் மட்டும் வீட்டு வாசலிலோ தெருவோரத்திலோ தனித்து நிற்கிறது. டெல்லியின் பல குடியிருப்புப் பகுதிகளில் கூரையுள்ள நிறுத்துமிடம் சிலருக்கே வாய்த்த வசதி. மற்றவர்களின் கார்கள் மே மாத வெயிலையும், இங்கு 'ஆந்தி' என்றழைக்கப்படும் புழுதிப் புயலையும், ஜூன் இறுதியில் வரும் முதல் மழையையும் திறந்தவெளியில் நின்றே எதிர்கொள்கின்றன.

இப்படிப் புறப்படுவோர் பெரும்பாலும் இரண்டு விஷயங்களுக்காகவே கவலைப்படுகின்றனர்: ஒன்று திருடன், மற்றொன்று தூசு. எனவே பூட்டைச் சரிபார்த்து, ஓர் உறையை வாங்கிப் போர்த்திவிட்டுக் கிளம்பிவிடுகின்றனர். ஆனால் வாரக்கணக்கில் நிற்கும் காருக்கு நேரும் சேதங்களில் பெரும்பகுதி, அது ஓடாமல் நிற்பதாலேயே உண்டாகிறது. 2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு தழுவிய ஊரடங்கு அமலுக்கு வந்து கார்கள் வாரக்கணக்கில் முடங்கியபோது இது பலருக்கும் புரிந்தது. நிற்கும் வண்டியைப் பராமரிப்பது எப்படி என்று கார் நிறுவனங்களே அப்போது உரிமையாளர்களுக்கு அறிவுரை வெளியிட வேண்டியதாயிற்று.

பேட்டரி ஏன் தீர்ந்துபோகிறது?

சாவியை எடுத்துவிட்டால் காரில் மின்சாரம் செலவாகாது என்று நினைப்பது தவறு. கடிகாரம், திருட்டுத் தடுப்பு அலாரம், ரிமோட் சாவியின் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் கருவி, எஞ்சின் கணினியின் நினைவகம் ஆகியவை எப்போதும் சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். இந்த அளவு பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றினாலும், 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக் கணக்கிட்டால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. ஆறு வாரத்தில் சுமார் 30 ஆம்பியர்-மணி. சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருக்கும் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர்-மணிதான். இதற்கு மேல், வெப்பம் கூடக்கூட பேட்டரி தானாகவே இறங்கும் வேகமும் கூடுகிறது. பின்னர் பொருத்தப்பட்ட கண்காணிப்புக் கேமராவோ ஜிபிஎஸ் கருவியோ இருந்தால் மூன்று வாரத்திலேயே கதை முடிந்துவிடக்கூடும்.

தீர்ந்த பேட்டரியை ஜம்பர் கேபிள் கொண்டு உயிர்ப்பிக்கலாம். ஆனால் ஈய-அமில பேட்டரி முழுவதும் இறங்கிய நிலையில் பல நாட்கள் கிடந்தால், உள்ளிருக்கும் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய திறன் திரும்பாது. முழு சார்ஜில் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதை அப்படியே விட்டுவைப்பது நல்லதல்ல.

இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடுவோர், பேட்டரி ஓரளவு புதியதாக இருந்தால், எதையும் கழற்ற வேண்டியதில்லை. அதற்கு மேல் என்றால், இடையில் ஒருவர் வந்து காரை ஓட்டப்போவதில்லை எனில், பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பானது. ஒரு சாதாரண ஸ்பேனர் போதும். முதலில் மைனஸ் முனையைத்தான் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். இதில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. பேட்டரி இணைப்பு இல்லாதபோது ரிமோட் வேலை செய்யாது. எனவே உலோகச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறக்கவும் பூட்டவும் முடிகிறதா என்பதை முன்கூட்டியே சோதிக்க வேண்டும். பல ஆண்டுகளாக ரிமோட்டை மட்டுமே பயன்படுத்தியதால் சாவித் துளை துருப்பிடித்து அசையாமல் இருக்கும் கார்கள் ஏராளம். இணைப்பைக் கழற்றினால் அலாரமும் ஒலிக்காது; ஆகவே ஸ்டீயரிங் பூட்டையோ கியர் பூட்டையோ சேர்த்துப் பயன்படுத்துவது நல்லது.

பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, 'தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வையுங்கள்' என்று சொல்லிச் செல்லும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. அதனால் பயனை விடத் தீங்கே அதிகம். எஞ்சினை இயக்க ஸ்டார்ட்டர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஐந்து நிமிட ஓட்டத்தில் முழுமையாகத் திரும்புவதில்லை. சைலன்சரில் சேரும் நீராவியும் வெளியேறும் அளவுக்குச் சூடு ஏறாமல், உள்ளேயே தங்கித் துருப்பிடிக்க வைக்கிறது. பத்து நாட்களுக்கு ஒருமுறை, 20 அல்லது 30 நிமிடம் சாலையில் ஓட்டினால் பேட்டரி, பிரேக், டயர், ஏசி நான்குக்கும் சேர்த்துப் பலன் கிடைக்கும்.

ஹேண்ட் பிரேக்கும் டயரும்

காரை நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுவது அனிச்சையான பழக்கம். ஒரு நாள் நிறுத்தத்துக்கு அது சரி. வாரக்கணக்கில் இழுத்த நிலையில் இருந்தால், குறிப்பாக ஈரப்பதம் மிகுந்த காலத்தில், பின்சக்கரங்களின் பிரேக் ஷூ டிரம்முடன் துருவால் ஒட்டிக்கொள்ளும். நம் நாட்டில் ஓடும் கார்களில் பெரும்பான்மையானவற்றின் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்தான் இருக்கிறது என்பதால் இந்தத் தொல்லை இங்கு சகஜம்.

சமதளமான இடத்தில் நிறுத்தி, முதல் கியரிலோ ரிவர்ஸ் கியரிலோ போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையோ செங்கல்லோ அண்டை கொடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விடுவிக்கலாம். ஆட்டோமேட்டிக் கார் என்றால் 'பி' நிலையில் வைத்து அண்டை கொடுக்க வேண்டும். சரிவான தெருவில் இதைச் செய்யக்கூடாது; வேறு இடம் கிடைக்காவிட்டால் ஒட்டிக்கொள்ளும் பிரேக்கே மேல். எஞ்சினை அணைத்ததும் தானாகவே பிடித்துக்கொள்ளும் மின்னணு பார்க்கிங் பிரேக் உள்ளவர்கள், அதை விடுவிக்கும் முறையை உரிமையாளர் கையேட்டில் பார்த்துக்கொள்வது அவசியம். கழுவிய ஈரத்துடன் காரை நிறுத்திவிட்டுப் போகவும் கூடாது. கழுவிய பின் சிறிது தூரம் ஓட்டி, பிரேக்குகள் உலர்ந்த பிறகே நிறுத்த வேண்டும்.

டயரைப் பொறுத்தவரை, ஒரே இடத்தில் எடை தாங்கி நிற்பதால் தரையைத் தொடும் பகுதி தட்டையாகும். புறப்படும் முன், ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டப்பட்டுள்ள அட்டவணையில் முழுச் சுமைக்கெனக் குறிப்பிடப்பட்ட அளவுக்குக் காற்று நிரப்பிவிட்டால் போதும். சில வாரங்களில் ஏற்படும் தட்டைத்தன்மை சிறிது தூரம் ஓட்டியதும் சரியாகிவிடும்.

உறை போர்த்தலாமா?

போர்த்தலாம். ஆனால் எந்த உறை, எந்தக் காரின் மேல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தூசு படிந்த காரின் மேல் உறையைப் போர்த்தினால், காற்றில் அது அசையும் ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும். காரைக் கழுவி, உலர்த்தி, மெழுகுப் பூச்சு கொடுத்த பின்னரே போர்த்த வேண்டும். அடியில் பட்டை கொண்டு இறுக்கிக் கட்டப்படாத உறை, ஆந்தி வீசும் ஒரே மாலையில் பறந்துவிடும் அல்லது கிழிந்துவிடும்.

தெருவோரக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் தன்மை கொண்ட உறைகள் நீரை உள்ளே விடா. உள்ளே சேர்ந்த ஈரத்தை வெளியேயும் விடா. பகல் வெப்பத்தில் அந்த ஈரம் ஆவியாகி, இரவில் மீண்டும் உலோகத்தின் மீது படிகிறது. இதனால் வண்ணப்பூச்சில் வெண்திட்டுகளும், கதவு விளிம்புகளில் துருவும் தோன்றும். காற்றோட்டமுள்ள துணி உறை விலை அதிகம் என்றாலும் அதையே வாங்க வேண்டும். அதற்கு மனமில்லை எனில் உறையே இல்லாமல், நன்கு மெழுகிட்டு, முன்கண்ணாடிக்கு மட்டும் உட்புற நிழல்திரை வைத்துவிட்டுச் செல்வது எவ்வளவோ மேல்.

மரநிழலும் கலப்பான நன்மையே. டெல்லியின் பழைய சாலைகள் பலவற்றில் நாவல் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. கோடையின் இறுதியில் பழுத்து விழும் நாவல் பழமும், மரத்தில் தங்கும் பறவைகளின் எச்சமும் வெயிலில் காய்ந்தால் வண்ணப்பூச்சை அரித்துத் தழும்பை உண்டாக்கும். புயல் காற்றில் கிளை முறிந்து விழும் அபாயமும் உண்டு. சுவரோரமாக, மாலை வெயில் படாத பக்கம் கிடைத்தால் அதுவே சிறந்த இடம்.

வெளியில் 44, 45 டிகிரி வெப்பம் நிலவும்போது மூடிய காருக்குள் வெப்பநிலை அதைவிடப் பன்மடங்கு கொடுமையானதாக இருக்கும். வாசனைத் திரவப் புட்டி, சிகரெட் லைட்டர், பவர் பேங்க், கிருமிநாசினி, வாயு அடைத்த தெளிப்பான் ஆகியவற்றில் ஒன்றுகூடக் காரில் இருக்கக்கூடாது. பிஸ்கட் துணுக்குகளையும் பெருக்கி எடுத்துவிட வேண்டும். அவைதான் எலிகளை வரவழைக்கின்றன.

எலித் தொல்லைக்கு முழுமையான தீர்வு இல்லை என்பதே உண்மை நிலை. எஞ்சின் அறையின் மறைவான இடுக்குகளில் கூடு கட்டி, மின்கம்பிகளின் மேலுறையைக் கடித்துவிடுகின்றன. புகையிலை, அந்துருண்டை, கடைகளில் விற்கும் தெளிப்பான்கள் என்று ஆளுக்கொரு மருந்து சொல்கின்றனர். வாசனை குறைந்த சில நாட்களில் அவற்றின் பயனும் குறைந்துவிடுகிறது. குப்பைத் தொட்டி, சாக்கடை, செடிப் புதர் ஆகியவற்றிலிருந்து தள்ளி நிறுத்துவதும், வாரத்துக்கு ஒருமுறையேனும் யாராவது பானெட்டைத் திறந்து பார்ப்பதுமே இவற்றை விடப் பலன் தருபவை.

மும்பை மழையும் லடாக் குளிரும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையிலோ கொங்கண் கடலோரத்திலோ காரை விட்டுச் செல்வோருக்குப் பிரச்சினை வேறு. அங்கு எதிரி ஈரம். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் இருக்கும் பள்ளத்தில் இலைச் சருகுகள் சேர்ந்து வடிகால் துளைகளை அடைத்துக்கொண்டால், மழைநீர் ஏசியின் காற்றுப்பாதை வழியாகக் காருக்குள்ளேயே இறங்கும். புறப்படும் முன் அந்தப் பள்ளத்தைச் சுத்தம் செய்வது ஐந்து நிமிட வேலை. கண்ணாடிகளைச் சிறிதும் இடைவெளியின்றி ஏற்றிவிட வேண்டும். மிதியடிகளை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட வேண்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களையோ, ஒரு தட்டில் அடுப்புக்கரியையோ உள்ளே வைக்கலாம்.

தாழ்வான பகுதிகளிலும் அடித்தள நிறுத்துமிடங்களிலும் மழைக்காலத்தில் காரை விட்டுச் செல்லவே கூடாது. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவானபோது மூழ்கிய கார்கள் எத்தனையோ. அந்த அளவு மழை அரிது என்றாலும், முழங்கால் அளவு நீர் தேங்குவது ஆண்டுதோறும் நடப்பதே.

இமயமலைப் பகுதிகளில் குளிர்காலம் என்றால் ரேடியேட்டரில் உறைதடுப்புத் திரவம் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் கம்பி உறைந்து இறுகாமலிருக்க அதை விடுவித்தே வைக்க வேண்டும். டீசல் கார்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கடுங்குளிரில் சாதாரண டீசல் கூழாக இறுகிவிடும். இதனாலேயே மைனஸ் 33 டிகிரி வரை திரவ நிலையில் இருக்கும் தனிவகை டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்குக்காக அறிமுகப்படுத்தியது. சமவெளியில் நிரப்பிய டீசலுடன் மேலே சென்று காரை அங்கேயே விட்டுவருவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பெட்ரோல் கார்களில் டாங்க்கை ஏறத்தாழ நிரப்பி வைப்பது நல்லது. இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. டாங்க்கில் காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரம் சேரும் வாய்ப்பும் குறையும். சில வாரங்களுக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. மாதக்கணக்கில் என்றால்தான் கவலைப்பட வேண்டும். மின்சாரக் கார் வைத்திருப்போர், பெரிய பேட்டரியை நூறு சதவீதத்திலோ பத்து சதவீதத்திலோ விடாமல் பாதியளவில் வைத்துச் செல்லலாம். அந்தக் கார்களிலும் ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது என்பதையும், அது இறங்கினால் கதவுகூடத் திறக்காமல் போகலாம் என்பதையும் விற்பனையாளர்கள் அதிகம் சொல்வதில்லை.

பத்து மணி நேர விதி

தெருவில் காரை விட்டுச் செல்வோரில் பெரும்பாலானோர் அறியாத ஒரு சட்டப் பிரிவு உண்டு. பொது இடத்தில் பத்து மணி நேரம் அல்லது அதற்கு மேல் கவனிப்பாரின்றி விடப்பட்ட வாகனத்தை இழுத்துச் செல்லவோ, சக்கரப் பூட்டு போடவோ, சீருடையில் உள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு கூறுகிறது. இழுத்துச் செல்லும் செலவும் உரிமையாளரையே சாரும். நடைமுறையில் குடியிருப்புத் தெருக்களில் நிற்கும் ஒவ்வொரு காரும் தூக்கிச் செல்லப்படுவதில்லை. ஆனால் சாலைப் பணி தொடங்கினாலோ, குழாய் பதிக்கத் தோண்டினாலோ, யாரேனும் புகார் அளித்தாலோ, உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியாத காரே முதலில் அகற்றப்படும். ஊரில் இருக்கும் ஒருவரின் தொலைபேசி எண்ணை முன்கண்ணாடியின் உள்ளே வைத்துச் செல்லலாம். 'வெளியூர் சென்றிருக்கிறோம்' என்று அதில் எழுதத் தேவையில்லை. அது திருடனுக்கு எழுதிய கடிதமாகிவிடும்.

டெல்லியில் பழைய வண்டி வைத்திருப்போருக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களைப் பொது இடங்களில் நிறுத்தவும் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் உத்தரவிட்டது. 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்கள் மீதான தடையை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. பின்னர் 2025 ஆகஸ்டில், உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று அதே நீதிமன்றம் கூறியது. அந்தப் பாதுகாப்பின் வரம்பும் பிறகு திருத்தப்பட்டது. இவ்விவகாரத்தில் நிலைமை மாறிக்கொண்டே இருப்பதால், புறப்படும் நாளில் எந்த உத்தரவு நடப்பில் உள்ளது என்பதைப் பார்த்துவிட்டுச் செல்வதே விவேகம்.

இதைவிடப் பெரிய இழப்புக்கு வழிவகுப்பது காப்பீடு. ஓடாத வண்டிக்கு எதற்குக் காப்பீடு என்று புதுப்பிப்பைத் தள்ளிப்போடுவோர் இருக்கின்றனர். வாகனம் ஓடாமல் நிற்கும் நிலையிலும் அது 'பயன்பாட்டில்' இருப்பதாகக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே ஒரு வழக்கில் விளக்கியிருக்கிறது. மேலும், மரம் விழுவது, வெள்ளம், தீ, திருட்டு ஆகிய அனைத்தும் நிற்கும் காருக்கே நேரக்கூடியவை.

இங்கே ஒரு குழப்பம் பலரைச் சிக்கவைக்கிறது. 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. 'மூன்று ஆண்டுக்குக் கட்டிவிட்டோம்' என்ற நினைப்பில், ஓராண்டுடன் முடிந்துபோகும் சொந்தச் சேதக் காப்பீட்டைப் புதுப்பிக்க மறந்துவிடுகின்றனர். மூன்றாம் நபர் காப்பீடு, நம் காரால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமே. கார் திருடு போனாலோ, அதன் மேல் கிளை முறிந்து விழுந்தாலோ அதிலிருந்து ஒரு ரூபாயும் கிடைக்காது. எனவே ஊருக்குப் போகும் முன் காப்பீட்டுப் பத்திரத்தில் உள்ள இரண்டு தேதிகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். காலாவதியாகி 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், இழப்பீடு கோராததற்காகச் சேர்ந்த சலுகையும் பறிபோகும். 50 சதவீதம் வரை உயரக்கூடிய சலுகை அது. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழின் தேதியையும் அப்போதே பார்த்துவிடலாம்.

திருட்டு என்றால் நேரமே முக்கியம். திருட்டு நடந்ததும் காவல்துறையில் உடனே புகார் பதிவாகியிருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லத் தாமதமானது என்ற காரணத்தை மட்டும் கொண்டு இழப்பீட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆனால் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து, கார் எந்த நாளில் காணாமல் போனது என்றே தெரியாமல் நிற்பவரின் நிலை கடினமானது. டெல்லியில் வாகனத் திருட்டுக்கு இணையவழியிலேயே முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யலாம் என்பதால், ஊரில் இருந்தபடியே அதைச் செய்ய முடியும். அதற்குக் கார் இல்லை என்பதை அன்றே யாராவது சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டாரோ காவலாளியோ தினமும் ஒருமுறை பார்த்துச் சொல்வதற்கு ஏற்பாடு செய்து வைப்பது, விலையுயர்ந்த எந்தப் பூட்டுக்கும் குறைந்ததல்ல. இழப்பீட்டின்போது காரின் இரண்டு சாவிகளையும் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்பது வழக்கம். எனவே ஒரு சாவியை யாரிடம் கொடுத்தோம் என்பதில் தெளிவு வேண்டும். அசல் ஆவணங்களைக் காருக்குள் விட்டுச் செல்லக்கூடாது. புறப்படும் நாளில் நான்கு பக்கமும், கிலோமீட்டர் அளவும் தெரியும்படி புகைப்படம் எடுத்து வைத்தால், பின்னர் தோன்றும் கீறலுக்கும் நசுங்கலுக்கும் அதுவே சான்றாகும்.

திரும்பி வந்ததும்

வந்தவுடன் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. முதலில் பானெட்டைத் திறந்து எலிக்கூடோ, கடிபட்ட கம்பியோ, உறங்கும் பூனையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரின் அடியில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். டயர்களில் காற்றைச் சரிபார்த்து, அண்டைக் கற்களை எடுத்த பிறகே நகர்த்த வேண்டும். முதல் சில நூறு மீட்டர்களுக்குப் பிரேக்கிலிருந்து உரசும் ஒலி கேட்பது இயல்பு. தட்டில் படிந்த மெல்லிய துரு தேய்ந்ததும் அது நின்றுவிடும். சக்கரம் நகர மறுத்தால் ஆக்சிலேட்டரை அழுத்தி இழுக்க முயலாமல், மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் மெக்கானிக்கை அழைப்பதே சரி.

கதவின் மீது சேற்றுக் கோடோ, உள்ளே விரிப்பில் ஈரமோ தெரிந்தால் எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டார்ட் செய்யக்கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்த நிலையில் எஞ்சினைச் சுழற்றினால் உள்பாகங்கள் வளைந்து உடையும். இவ்வாறு ஏற்படும் சேதத்துக்கு, எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுக்காதவர்களுக்குச் சாதாரணக் காப்பீட்டில் இழப்பீடு மறுக்கப்படுவது வழக்கம். அந்நிலையில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, புகைப்படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் தெரிவித்து, காரை இழுவை வண்டியில் ஏற்றிப் பணிமனைக்கு அனுப்ப வேண்டும். சாவியை வைத்திருக்கும் அண்டை வீட்டாருக்கும் இதைப் புறப்படும் முன்னரே சொல்லி வைக்க வேண்டும்.